பரம்படித்த குழி

ஓலையாம்பட்டிப் பெரிய ஏரியில் ஓடுகிற ஒரே கப்பல் அம்சத்துடையது. டிராக்டர்காரர் தியாகேசன் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தபோது, பெட்டிக்குள் இருந்த தெர்மாகோல் அட்டைகளைக் கேட்டு வாங்கி, அடுக்கி, உரச்சாக்கில் திணித்து, கோணி ஊசியால் வாய் தைத்துச் செய்த கப்பல் அது. மெஷின் சீக்கிரமே பல்லை இளித்துவிட்டது. கப்பல் இன்னும் மிதக்கிறது. விடிகிற நேரத்தில் அதன்மேல் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் துடுப்பாக்கி, தாமரை இலைகளுக்கு நடுவே அம்சம் போகிற போக்கைப் பார்த்தால் முதலைகூட ஒதுங்கி வழிவிடும். அந்த ஏரியில் முதலை இல்லை என்பது வேறு விஷயம்.

கரையில் நின்று வழி சொல்பவர் அவள் வீட்டுக்காரர் இராஜாங்கம். தண்ணீரில் கால் வைக்காத மாலுமி.

“எடது பக்கம் ரெண்டு மொட்டு இருக்கு பாரு! அட, ஒன் எடது பக்கம்!”

“எனக்கு எத்தனை எடது பக்கம் இருக்கு? எறங்கி வந்து பறிச்சுக் காட்டுங்களேன்.”

“நான் எறங்கிட்டா வண்டிய யாரு பாத்துக்குறது?”

வண்டி என்பது ஒரு பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி. அதைத் திருட வருகிறவன் ஸ்டார்ட் செய்யத் தெரியாமல் கடைசியில் இராஜாங்கத்திடமே வந்து உதவி கேட்பான். ஆனாலும் அவர் அதைக் காவல் காப்பதை விட்டதில்லை. மொட்டுகள் கரைக்கு வந்ததும் ஈரத்துணியில் சுற்றி, பின்னால் கட்டி, தஞ்சாவூர்ப் பூச்சந்தைக்கு விரட்டிக்கொண்டு போவார். ஏரியின் தாமரைக் குத்தகை அவர்கள் பெயரில்தான். பறிப்பது அவள், விற்பது அவர், சண்டை போடுவது இருவரும்.

இராஜாங்கத்துக்குத் தண்ணீர் என்றால் ஏன் ஆகாது என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். ஏரிக்கு மேற்கே மேட்டு நிலத்தில் ஒரு செம்மண் குழி. நால்வழிச் சாலை போட்ட காலத்தில் கிராவல் அள்ளித் தோண்டிப்போட்டு, வேலை முடிந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள். ரெண்டு பனைமரம் ஆழம் என்று ஊரில் பேச்சு. மழை பெய்து அது நிறைந்து கிடந்தபோது, புதுமாப்பிள்ளை இராஜாங்கம் ஓர் ஆட்டை விரட்டிக்கொண்டு போனார். ஆடு குழியின் விளிம்பில் நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. அப்போது கல்யாணமாகி மஞ்சள்கூடக் காயாத அம்சம்தான் குதித்து, முடியைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டாள். அன்றைக்கு அவர் தலையில் முடி இருந்தது நல்லதாகப் போயிற்று. இன்றைக்கு விழுந்தால் பிடிக்க ஒன்றுமில்லை. அதிலிருந்து மனுஷன் குளிக்கும்போதுகூட வாளியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொம்பை விடுவார்.

குழி அவரை மட்டும் பயமுறுத்தியிருந்தால் ஊர் சிரித்துவிட்டு விட்டிருக்கும். சில வருஷத்துக்கு முன்னால் அதன் கீழ்க்கரை உடைந்து, மழைக்காலம் முழுக்கக் குழிக்குள்ளிருந்து சிவப்புக் கலங்கல் நேராக ஏரிக்குள் இறங்க ஆரம்பித்தது. கூடவே, கோழிக்கடைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் குழியில் கொட்டுகிற இறகும் குடலும். ஏரித் தண்ணீர் டீக்கடை டிக்காஷன் நிறத்துக்கு வந்தது. மீன்கள் வாயை மேலே தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி அலைந்தன. தாமரை இலைமேல் செம்மண் பசை பூசியதுபோல் ஒரு படலம்.

தண்ணீரைப் பார்த்துச் சொல்ல அம்சத்திடம் ஒரு வழி இருந்தது. மார்பளவுத் தண்ணீரில் நின்று கீழே பார்ப்பாள். கால்விரல் மெட்டி தெரிந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். கல்யாணமான புதிதில் மெட்டியும் தெரியும், மெட்டியைக் கடித்துப் பார்க்க வருகிற கெண்டைக் குஞ்சும் தெரியும். இப்போது கணுக்காலளவுத் தண்ணீரிலேயே தெரியவில்லை. தொலைத்துவிட்டோமோ என்று குனிந்து தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏரியிலிருந்து ஏறினால் கழுத்துவரை அரிப்பு. மொட்டுகளின் அடியில் காவிக்கறை.

“இது தாமரையா, வெத்தலை போட்டுக் கொப்பளிக்காத வாயா?” என்று பூமண்டிக்காரம்மா கேட்டதாக இராஜாங்கம் வந்து சொன்னார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அம்மனுக்கு வெத்தலை புடிக்கும்னு சொன்னேன்.”

“வாங்கிக்கிட்டாங்களா?”

“பாதி.”

இப்படியே இன்னும் ரெண்டு மழைக்காலம் போனால் குத்தகையும் இருக்காது, தாமரையும் இருக்காது என்று அம்சத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே பங்குனியில், தண்ணீர் தினக் கிராம சபைக் கூட்டத்தில் குழியை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூடப்போவது எதைக் கொட்டி என்று கேள்விப்பட்டதும் கால் தரைக்கு வந்துவிட்டது.

உமிச் சாம்பல். பக்கத்து ஊர் அரிசி ஆலையில் கொதிகலன் சாம்பல் மலையாகக் குவிந்து கிடந்தது. அவர்களே லாரி வைத்துக் கொண்டுவந்து கொட்டிவிடுவார்களாம், கோவில் வாசலுக்கு ஒரு சோலார் விளக்கும் போட்டுத் தருவார்களாம். சாம்பிளுக்கு என்று ஒரு லோடு குழி ஓரத்தில் வந்து இறங்கியும்விட்டது. காற்றடித்த அன்று, வெள்ளை நாய் ஒன்று அந்தப் பக்கம் போய்க் கறுப்பு நாயாகத் திரும்பி வந்தது.

ஊராட்சித் தலைவர் குணசேகரன் கெட்டவர் இல்லை. எதையும் இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் உள்ளவர், அவ்வளவுதான். கூட்டம் மாரியம்மன் கோவில் கொட்டகையில். செருப்பைக் கழற்றி, கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் அம்சம் ஒரு குடத்தோடு நின்றாள். மற்றவர்கள் தொட்டித் தண்ணீரில் கழுவிக்கொண்டு போனார்கள். தலைவருக்கு மட்டும் குடத்துத் தண்ணீர்.

“தலைவரே, கால் கழுவிட்டு வாங்க.”

“அட, மரியாதையெல்லாம் பலமா இருக்கே!” என்று அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் முழங்கால்வரை நனைத்துக்கொண்டார்.

கூட்டம் ஆரம்பித்தது. தீர்மானம் ஒன்று, தீர்மானம் இரண்டு. மூன்றாவதாகக் குழி.

“இந்தச் சாம்பல் இருக்கே,” என்று ஆரம்பித்த தலைவர், இடது காலை வலது காலால் தேய்த்தார். “இது முழுக்க முழுக்க இயற்கை. உமிதானே எரிஞ்சுது? கெமிக்கல் கெடையாது. ஒண்ணும்…” குனிந்து சொறிந்தார். “ஒண்ணும் பண்ணாது.” இந்தமுறை நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் சொறிந்தார். கக்கத்து மைக்கில் அந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது.

“தலைவரே, காலுல என்ன?” என்று பின்வரிசையிலிருந்து தியாகேசன் கேட்டார்.

“கொசு.”

“பட்டப்பகல்லயா?”

அம்சம் எழுந்தாள். “கொசு இல்லீங்க. இயற்கை.”

கொட்டகையில் முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அவள் விளக்கினாள். “குழி ஓரத்துல கெடக்குற சாம்பல்ல ஒரு கூடை அள்ளியாந்து, நேத்துப் பூரா ஊறப்போட்டு வடிச்சேன். அந்தத் தண்ணியிலதான் தலைவரு கால் கழுவுனாரு. ஒரு கூடைக்கே இந்தச் சொணை சொணைக்குது. குழி நெறையக் கொட்டி, மழை பேஞ்சு, அந்தத் தண்ணி ஏரிக்கு வந்தா? ஒங்களுக்குக் காலுதான் தலைவரே. எனக்குக் கழுத்து வரைக்கும்.”

நெல் தூற்றிய ஊருக்குச் சுணை அரிப்பு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொட்டகையே குலுங்கியது. சிரிப்பு அடங்கத் தலைவருக்கு யாரோ தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது. அவர் எண்ணெய் தடவிக்கொண்டே யோசித்தார். தடவி முடித்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. அது அம்சத்துக்குப் பிடிக்கவில்லை.

“சரி, சாம்பல் வேணாம்,” என்றார். “மண்ணாலயே மூடுவோம். மண்ணு எங்க இருக்கு? ஏரியில வண்டல் இருக்கு. அள்ளுனா ஏரியும் ஆழமாகும், குழியும் மூடும். ஆனா வண்டல் கனமா கெடக்குறது மேலக்கோடியில. அது ஒன்னோட தாமரை மொளைக்குற எடம், அம்சம். அள்ளுனா கெழங்கோடதான் வரும். என்ன சொல்ற?”

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பின. அவள் இராஜாங்கத்தைப் பார்த்தாள். அவர் கொட்டகைக் கூரையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அம்சத்தின் கண்ணுக்குள் மேலக்கோடி வந்தது. விடிகிற நேரத்து மொட்டுகள், முழங்கையைக் கீறுகிற தண்டு முள், கப்பலுக்கடியில் இலைகள் உரசுகிற சத்தம். அதோடு, கணுக்காலளவுத் தண்ணீரில் காணாமல்போன மெட்டியும் வந்தது.

“அள்ளுங்க,” என்றாள். “செவப்புத் தண்ணியில கெடந்து கொஞ்சங் கொஞ்சமா சாவுறத நான் எத்தன வருசம் பாக்குறது? ஏரியாச்சும் மிஞ்சட்டும்.”

வீட்டுக்குத் திரும்பும்போது இராஜாங்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

“நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டோம் போல.”

“வண்டல்ங்க. மண்ணில்ல.”

“அப்ப சரி. நல்லா வெளையும்,” என்றார்.

சித்திரையில் ஏரி வற்றி வெடித்தது. தாலுகா ஆபீசில் அனுமதி கிடைத்து, ஜேசிபி வந்தது. ஓட்டுநர் ஜாஃபர் சாதிக் அதிராம்பட்டினத்துக்காரன். கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஏரி ஒரு வாய்க்கால் மாதிரி. முதலில் குழியில் கிடந்த அழுக்குத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தார்கள். ஏரிப் பக்கம் விடாமல், எதிர்ப்பக்கத் தைலமரத் தோப்புக்குக் குழாயைத் திருப்பினார்கள். “தைலமரம் எதையும் குடிக்கும்ணே, மோட்டாரையும் சேத்துக் குடிக்காம பாத்துக்கங்க,” என்றான் ஜாஃபர். கோழி இறகையும் சாக்குமூட்டையும் அள்ளி வெளியேற்றினார்கள். பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தை டயரில் நசுக்கி, கற்பூரம் காட்டி, முதல் டிராக்டரில் வண்டல் ஏறியது.

ஏறிய வண்டல் குழிக்குப் போய்ச் சேரவில்லை. அங்கேதான் சிக்கல். கோடையில் ஏரி வண்டல் என்றால் வயல்காரனுக்கு வாயூறும். கரும்பூனை நிறத்தில், பிடித்தால் வெண்ணெயாக இழையும் மண். டிராக்டர்கள் ஏரியை விட்டு மேற்கே கிளம்பும். முக்கூட்டுப் பாதை வந்ததும் ஏதோ நினைவு வந்தாற்போல வயல் பக்கம் திரும்பிவிடும். அம்சம் முதல் நாள் இதைப் பார்த்தாள். இரண்டாம் நாள் கப்பலைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து, வயலுக்குப் போகிற பாதையின் குறுக்கே போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“ஏம்மா அம்சம், தரையில கப்பல் ஓட்டுறியா?” தியாகேசன் டிராக்டரிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“கப்பல் நங்கூரம் போட்டிருக்குண்ணே. மேக்க திரும்புங்க.”

“ஒரே ஒரு லோடு. தெக்கு வயலுக்கு. ஒன் கப்பலே நான் குடுத்த அட்டையிலதானே செஞ்ச?”

“அதான் ஒங்க வண்டிய மட்டும் மரியாதையா மறிக்கிறேன்.”

அவர் சிரித்துவிட்டு மேற்கே திருப்பினார். அவரே திரும்பிய பிறகு மற்றவர்களுக்கு வேறு வழியில்லை. சாயங்காலம் அவருக்கு ஒரு லோடு விட்டுக்கொடுத்தாள், அது யாருக்கும் தெரியாது.

மேலக்கோடியைத் தோண்டிய அன்று ஜாஃபர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். கையில் தாமரைக் கிழங்கு, சேறு சொட்டச் சொட்ட, கணுக்கணுவாக.

“அக்கா, இது நெறைய வருது. எடுத்து வெக்கட்டுமா?”

“எங்க வெக்குறது? ஏரியில சொட்டுத் தண்ணி இல்ல. காஞ்சுரும்.”

“கூட்டு வெக்கலாமே?”

“ஒன் வாயில கூட்டு வெக்க. போ, அதையும் அள்ளிக் கொட்டு.”

அவன் ஏறிப்போய்ப் பக்கெட்டை இறக்கியபோது அவள் வேறு பக்கம் திரும்பி, வானத்தில் காக்காய் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று பிறகு இராஜாங்கத்திடம் சொன்னாள். அன்றைக்குக் காற்றே இல்லை.

குழி நிறைந்தது. கடைசி லோடு கொட்டிய அன்று சாயங்காலம் கோடை மழை ஒன்று பெய்து, வண்டல் முழுக்கச் சேறாகக் குழைந்தது. மறுநாள் காலையில் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. ஜாஃபர் கிளம்பும்முன் தெளிவாகச் சொன்னான்.

“நடுவுல நல்லா மேடு தட்டிக் குவிச்சு, அழுத்தி வைங்க. புதுசா கொட்டுன மண்ணு, உள்ள வாங்கும்.”

சரி சரி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் பரம்பரை பரம்பரையாக நெல் நட்ட கூட்டத்தின் முன்னால், குழைந்த கறுப்புச் சேற்றை மேடும் பள்ளமுமாக விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும்? யாருக்கும் கை சும்மா இருக்கவில்லை. தியாகேசன்தான் முதலில் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“இந்த மூலை தூக்கலா இருக்கே. ஒரு இழுப்பு இழுத்துவிட்டா என்ன?”

நாற்றங்காலைச் சமன்படுத்துகிற பரம்புப் பலகை வந்தது. டிராக்டர் இறங்கியது. மேடு தட்டச் சொன்ன இடத்தில் பரம்படித்தார்கள். தண்ணீர் நிறுத்திப் பார்த்து, ஒரு விரற்கடைகூட ஏற்றத்தாழ்வு இல்லை என்று பெருமைப்பட்டார்கள். பழக்க தோஷத்தில் சுற்றிலும் வரப்பு வேறு கட்டினார்கள். அம்சமும் சேற்றில் இறங்கி மூலைகளை மண்வெட்டியால் வாரிவிட்டாள். அந்த ஒருநாள் ஊரில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். தலைவர் செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். அதைப் பார்த்துவிட்டு ஜாஃபர் அதிராம்பட்டினத்திலிருந்து குரல்பதிவு அனுப்பினான்: “குழியை மூடச் சொன்னா நாத்தங்கால் போட்டு வெச்சிருக்கீங்களே! அல்லாவே!”

வைகாசி நடுவில் பெரிய மழை. ரெண்டு நாள் விடாமல் கொட்டியது. மழை விட்டதும் போய்ப் பார்த்தால், நாற்றங்கால் வரப்பை மட்டும் மேலே விட்டுவிட்டு, அப்படியே சமமாக, இடுப்பளவு கீழே இறங்கிப் போயிருந்தது. பரம்படித்த அழகு துளிகூடக் கெடவில்லை. உயரம்தான் போய்விட்டது. குழியாக இருந்தது ஒரு பெரிய தாம்பாளமாகிவிட்டது, அதில் சிவப்புத் தண்ணீர் நிறைந்து நின்றது.

ஊர் ஒருவரையொருவர் பார்த்தது. பிறகு எல்லோரும் சேர்ந்து அம்சத்தைப் பார்த்தார்கள், சாம்பல் வேண்டாம் என்றது அவள்தானே. தலைவர் கொஞ்ச நாள் பொறுத்தார். ஆனியில் அவருடைய அவசரம் திரும்பி வந்துவிட்டது.

“வண்டல் போட்டுப் பாத்தாச்சு. மிச்சப் பள்ளத்துக்கு மேல சாம்பலைக் கொட்டி மூடிரலாம். நாளைக்குக் காலையில லாரி வருது,” என்று அம்சத்தின் வீட்டு வாசலில் நின்று சொன்னார். “இந்தத் தடவ யாரு தண்ணி குடுத்தாலும் நான் கால் கழுவுறதா இல்ல.”

தாமரையும் போயிற்று, இனி ஏரியும் போகப்போகிறது. அம்சம் அன்றைக்குச் சோறு ஆக்கினாள், சாப்பிடவில்லை. இராஜாங்கம் சாப்பிட்டார், எதைச் சாப்பிட்டோம் என்று அவருக்குத் தெரியாது.

விடிந்ததும் இருவரும் குழிக்குப் போனார்கள். லாரி வந்தால் என்ன செய்வது என்று ஒரு யோசனையும் இல்லை. இராஜாங்கம் வழக்கம்போல எட்டத்தில், மேட்டில், வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனை பேர் எத்தனை தரம் மூடிவிட்டோம் என்று சொன்னாலும், அவருக்கு அது இன்னும் ரெண்டு பனைமரம் ஆழம்தான். அம்சம் சரிவில் இறங்கி, அவர் கண்ணிலிருந்து மறைந்தாள்.

முந்தின நாள் மழையில் மேற்குப் பக்கத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் ஓடைபோல உள்ளே வந்து கொண்டிருந்தது. கிழக்குப் பக்கம், வரப்பின் தாழ்ந்த இடத்தில் வழிந்து ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்சம் அந்த வழிகிற இடத்தில் கால் வைத்தாள். சும்மா, பழக்கத்தில், கீழே பார்த்தாள்.

மெட்டி தெரிந்தது.

அவள் நம்பவில்லை. மேற்கே பார்த்தாள், டிக்காஷன். காலடியில் பார்த்தாள். கண்ணாடி என்று சொல்ல முடியாது. பழைய சோற்று நீராகாரம் மாதிரி லேசான கலங்கல். ஆனால் மெட்டி தெரிகிறது, விரல் தெரிகிறது, விரலுக்கடியில் மணல் தெரிகிறது. சிவப்பு எங்கே போயிற்று? தாம்பாளத்தில் தண்ணீர் அவசரமில்லாமல் நிற்கிறது, செம்மண் அடியில் படிந்துவிடுகிறது, தெளிந்ததுதான் வழிகிறது. குனிந்து தண்ணீரில் கையை அளைந்தபடியே உள்ளே நடந்தாள். முட்டியளவு, தொடையளவு, இடுப்பளவு. நடுவில் ஏதோ அவள் விரலில் உரசியது. மெழுகு பூசினாற்போல வழவழப்பு. அந்தத் தொடுகையை அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

காசு அகலத்தில் ஓர் இலை. அதற்கப்பால் இன்னொன்று. அதற்கப்பால், தண்ணீரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, குழி நெடுக, தட்டு தட்டாக, குட்டி குட்டியாக. மேலக்கோடிக் கிழங்கு. வண்டலோடு வண்டலாக டிராக்டரேறி வந்து, பரம்படிபட்டு, புதைந்து, முளைத்திருக்கிறது.

அம்சம் வீறிட்டாள். அது வார்த்தையாக இல்லை. தைலமரத் தோப்பிலிருந்த கொக்கெல்லாம் ஒன்றாகக் கிளம்பின.

மேட்டில் நின்ற இராஜாங்கத்துக்கு அந்த அலறல் மட்டும்தான் கேட்டது. அதோடு, அந்தக் குழி. வண்டி பொத்தென்று விழுந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அதைத் திரும்பிப் பார்க்காமல் அவர் ஓடினார். சரிவின் விளிம்பில் நிற்கக்கூட இல்லை. செருப்போடு, சட்டைப்பை போனோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, “அம்சோ!” என்று கத்தியபடி பாய்ந்தார். தண்ணீர் நாலாபுறமும் சிதறியது. கையையும் காலையும் உதறி, மூழ்கி, சேற்றைக் குடித்து, நீந்துவதாக நினைத்துக்கொண்டு அவளை நோக்கித் தத்தளித்தார்.

“நிமுந்து நில்லுங்க,” என்றாள் அம்சம்.

“நீ… நீ என் தோளப் புடிச்சுக்க!”

“ஏங்க. எந்திரிச்சு நில்லுங்க.”

அவர் நின்றார். இடுப்பளவுதான் தண்ணீர். கண்ணைத் திறந்து, சுற்றிலும் பார்த்து, தன் வயிற்றைப் பார்த்து, அவளைப் பார்த்தார். வழுக்கைத் தலையில் குட்டித் தாமரை இலை ஒன்று ஒட்டியிருந்தது. அம்சம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து அழுதாள். அழுதுகொண்டே அந்த இலையைப் பத்திரமாக எடுத்துத் தண்ணீரில் விட்டாள்.

“நீந்தத் தெரியாம எப்புடிங்க குதிச்சீங்க?”

“அதெல்லாம் அப்ப ஞாபகத்துக்கு வரல,” என்றார் அவர்.

சாம்பல் லாரி வந்தபோது, அதைப் பரப்புவதற்காக முன்னால் ஜாஃபரின் ஜேசிபியும், பின்னால் தலைவரின் பைக்கும் வந்தன. குழிக்குள் புருஷனும் பெண்டாட்டியும் நனைந்து நிற்பதைப் பார்த்து மூன்று வண்டியும் நின்றுவிட்டன. ஜாஃபர் முதலில் இலையைப் பார்த்தான். இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“தலைவரே, இது மேல சாம்பலைப் பரப்ப என் வண்டி நகராது. ரிப்பேரு.”

“இப்பதானேடா ஓடி வந்துச்சு?”

“இப்பதான் ரிப்பேரு ஆச்சு.”

குணசேகரன் சரிவில் இறங்கி வந்தார். அம்சம் மேற்கே உள்ளே வருகிற தண்ணீரைக் கையால் காட்டினாள். கிழக்கே வெளியே வழிகிற தண்ணீரைக் காட்டினாள். அவர் ரெண்டு பக்கமும் நடந்து போய், ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். மறுபடி ஒருதரம் நடந்தார். வழிகிற இடத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து லாரிக்காரனிடம், “திருப்பு,” என்றார். “ஆலையில நான் சொல்லிக்கிறேன். ஏற்கனவே கெடக்குற சாம்பிளையும் அள்ளிட்டுப் போயிரு.”

செய்தி கேட்டுத் தியாகேசன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “மேடு தட்டியிருந்தா இது நடந்திருக்குமா? பரம்படிச்சது யாரு?”

புரட்டாசியில் குழி முழுக்க மொட்டு. ஏரி இன்னும் ஒரேயடியாகத் தெளிந்துவிடவில்லை. அடியில் பழைய செம்மண் கிடக்கிறது, காற்றடித்தால் கலங்குகிறது. ஆனால் முழங்காலளவில் மெட்டி தெரிகிறது. மீன்கள் வாயை மூடிக்கொண்டு கீழே போய்விட்டன. குழியில் கொஞ்சம் கிழங்கை எடுத்து ஏரியின் மேலக்கோடிக்குத் திருப்பி ஊன்றியிருக்கிறார்கள். அம்சத்தின் கப்பலுக்குக் குழியில் வேலையில்லை, நடந்தே பறிக்கலாம். அதனால் இப்போது பறிப்பவர்கள் இரண்டு பேர்.

“எடது பக்கம் ஒரு மொட்ட விட்டுட்டீங்க பாருங்க.”

“எந்த எடது?”

“ஒங்களுக்கு எத்தனை எடது இருக்கு?”

அந்த நேரத்தில்தான் தலைவரின் பைக் மேட்டில் வந்து நின்றது. அவர் வரப்பில் நின்றபடி தொண்டையைக் கனைத்தார். ஏரித் தாமரைக்குத்தானே குத்தகை, குழித் தாமரை கணக்கில் இல்லையே, அது யாருடையது என்று ஊரில் ரெண்டு பேர் கேட்கிறார்களாம். என்ன பதில் சொல்வது என்று பேசிவிட்டுப் போக வந்தாராம்.

அம்சம் மொட்டுக் கட்டைத் தோளில் சாத்திக்கொண்டு அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“பேசலாமே. கால் கழுவிட்டு வாங்க தலைவரே.”

குணசேகரன் தண்ணீரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றி, ஒரு கால் பெருவிரலை மட்டும் நுனியில் தொட்டுவிட்டு நின்றார். காத்திருந்தார். மெதுவாகப் பாதத்தை இறக்கினார். பிறகு அடுத்த பாதத்தை. முட்டியளவில் நின்று, குனிந்து, கொஞ்ச நேரம் தன் கால்விரல்களையே கூர்ந்து பார்த்தார்.

“அரிக்கல,” என்றார் ஆச்சரியத்தோடு.

“அப்ப ஒங்களுக்கே பதில் தெரிஞ்சுருச்சு. தண்ணியில எறங்குறவங்களுக்குத்தான் இந்தப் பூவு,” என்று அம்சம் ஒரு மொட்டை அவர் கையில் கொடுத்தாள். “மொதப் பூ மாரியம்மனுக்கு. ஊருல கேக்குற அந்த ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. தண்டுல முள்ளு இருக்கு, பாத்துப் புடிக்கச் சொல்லுங்க.”